மச்சு பிச்சுவுக்கு ரயிலில் போவதா, இன்காக்கள் போட்ட பாதையில் நடந்து போவதா?

மச்சு பிச்சு, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஸ்பானியர் வருகைக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய நகரம். அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர் இப்படி எழுதியிருக்கிறார்: ஒல்லான்டைடம்போ என்ற ஊரில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மச்சு பிச்சுவின் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். அப்படியிருக்க, நான்கு நாள் மலையேறி அதே இடத்துக்குப் போய்ச் சேருவதில் என்ன இருக்கிறது?

நடந்து போனவன் என்ற முறையில் சொல்கிறேன். முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் நடந்தே போங்கள். கஷ்டப்பட்டுப் பார்த்தால்தான் அருமை தெரியும் என்பதற்காக அல்ல. அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. நான் கால் கடுத்து உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த வேளையில், ரயிலில் வந்த முதியவர்கள் சாவகாசமாக ஒவ்வொரு சுவராக ரசித்துக்கொண்டிருந்தார்கள். நடக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. அந்தப் பாதையே இன்காக்கள் விட்டுச்சென்ற கட்டுமானம். மச்சு பிச்சு அதன் கடைசிப் பகுதி மட்டுமே.

இன்காக்கள் போட்ட சாலைகள் கொலம்பியாவின் தென்பகுதியிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை சுமார் 30,000 கிலோமீட்டர் நீண்டு கிடந்தன. யுனெஸ்கோ 2014இல் இந்தச் சாலை வலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாம் நடக்கும் 43 கிலோமீட்டர் அதில் ஒரு துணுக்கு. அவர்களிடம் சக்கர வண்டி கிடையாது, குதிரை கிடையாது, இரும்பும் கிடையாது. சாலையில் போனது மனிதக் கால்களும், சுமை தூக்கும் ஒட்டக இன விலங்கான லாமாக்களும்தான். வண்டி ஓடாத சாலைக்குச் சரிவு எதற்கு? மலை குறுக்கே வந்தால் வளைத்து வளைத்துப் போகாமல் நேராகப் படிக்கட்டு வைத்து ஏறிவிட்டார்கள். நம் முழங்காலுக்கு வரும் சோதனைகள் அனைத்துக்கும் மூலகாரணம் இந்த ஒரே முடிவு.

உருபாம்பா ஆற்றங்கரையில், 82ஆம் கிலோமீட்டர் என்று ரயில்பாதைக் கணக்கில் அழைக்கப்படும் இடத்தில் நடை தொடங்குகிறது. பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துவிட்டுப் பாலத்தைத் தாண்ட விடுகிறார்கள். முதல் நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கள்ளிச்செடிகள், புழுதி, ஆற்றுக்கு மேலே விரியும் பட்டல்யக்டா என்ற இன்கா ஊரின் அடுக்கு வயல்கள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஆளை வதைத்துவிடும். ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம், அதன் உச்சியில் 4,215 மீட்டர் உயரத்தில் வர்மிவானுஸ்கா கணவாய். தொலைவிலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணைப் போன்ற மலை முகடு. கடைசி அரை மணி நேரம் இருபது அடி வைப்பது, நிற்பது, மூச்சு வாங்குவது, மறுபடி இருபது அடி என்றுதான் போகும். உடற்பயிற்சிக்கும் உயரம் தரும் இந்த அவஸ்தைக்கும் அதிகத் தொடர்பில்லை. எங்கள் குழுவில் மாரத்தான் ஓடுகிறவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் தலைவலி பாடாய்ப் படுத்தியது. ஆகவே, பயணத்துக்கு முன்னால் 3,400 மீட்டர் உயரத்திலிருக்கும் கூஸ்கோவில் இரண்டு மூன்று நாளாவது தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே மலையேறும் திட்டத்தை எவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்த ஏற்றத்தில் நம் கூடாரம், அடுப்பு, சிலிண்டர், அரிசி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு நம்மைத் தாண்டி ஓடுகிறவர்கள் உள்ளூர்ச் சுமைதூக்கிகள். பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள். களைப்பு தெரியாமலிருக்க உதவும் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கூடவே சாம்பல் கட்டியில் ஒரு துளி கடித்துக்கொள்கிறார்கள். நம்மூரில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி, சாம்பல் சேர்ந்தால்தான் இலை வேலை செய்யும். ஒரு காலத்தில் இவர்கள் முதுகில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றினார்கள். பிறகு வந்த சட்டம் ஓர் ஆளுக்கு 20 கிலோ என்று வரம்பு போட்டது. சோதனைச் சாவடியில் தராசு வைத்தே நிறுத்துப் பார்க்கிறார்கள். பயண நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாட்டுப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் சுமைதூக்கிகளுக்கு என்ன கூலி, எங்கே படுக்கை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள். சைவர்கள் கவலைப்பட வேண்டாம். கீன்வா என்ற தானியத்தின் கஞ்சியும் உருளைக்கிழங்கும் அலுக்கும் அளவுக்குக் கிடைக்கும்.

மூன்றாம் நாளுக்காகத்தான் இந்தப் பயணமே. இரண்டாவது கணவாயைத் தாண்டிய பிறகு காலடியில் இருப்பது பெரும்பாலும் இன்காக்கள் பதித்த அசல் கல். வெளிறிய கிரானைட் பலகைகள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கமாக நடக்கும் அகலம். ஓர் இடத்தில் சதுப்பு நிலம் குறுக்கிடுகிறது. அதன் மேல் கல்லை அடுக்கி, கரைபோல உயர்த்திப் பாதையை எடுத்துச் சென்றிருக்கிறார்கள். செங்குத்துச் சரிவு வருகிற இடங்களில் கீழிருந்து தாங்குசுவர் எழுப்பி அதன் மேல் கல் பாவியிருக்கிறார்கள். பாறை வழிமறித்த இடத்தில் இயற்கையாக இருந்த இடுக்கை அகலப்படுத்திச் சுரங்கமாக்கி, உள்ளேயே படியும் செதுக்கிவிட்டார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும்: பாதைக்கு அடியில் ஆங்காங்கே தண்ணீர் வடியச் சிறு மதகுகள் இருக்கின்றன. மழை கொட்டும் அந்த மலையில் ஐந்நூறு ஆண்டுகளாகப் பாதை பெயர்ந்து போகாமல் கிடப்பதற்கு இந்த மதகுகள்தான் காரணம். ஆனால் புகைப்படக்காரர்கள் எவரும் இதைச் சீண்டுவதில்லை.

இடையிடையே இன்காக்களின் பாழடைந்த ஊர்கள். ஒரு பாறை நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும் சாயக்மார்க்காவுக்கு ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு வழியாகத்தான் ஏற முடியும். புயுபட்டமார்க்காவில் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த சடங்குக் குளியல் தொட்டிகளில் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. அங்கிருந்து பல நூறு படிகள் இறங்கினால் வினாய் வைனா. எனக்கு மச்சு பிச்சுவை விட இதுதான் பிடித்தது. இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். மலைச்சரிவை வாரி எடுத்த மாதிரி உட்குழிந்த அடுக்கு வயல்கள், மேலே ஒரு கட்டடத் தொகுதி, கீழே ஒன்று, நடுவே படிக்கட்டை ஒட்டி வரிசையாக நீரூற்றுகள். மாலை நான்கு மணிக்கு அங்கே எங்களைத் தவிர மேய்ந்துகொண்டிருந்த லாமாக்கள் மட்டுமே இருந்தன. இந்த வழியிலுள்ள இடிபாடுகள் பலவற்றை 1940களின் தொடக்கத்தில் வெளிக்கொண்டுவந்தது பால் ஃபேயோஸ் என்பவரின் தலைமையில் சென்ற குழு. ஹங்கேரியில் பிறந்த அவர், திரைப்பட இயக்குநராக இருந்து மானிடவியலுக்கு மாறியவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

இவ்வளவு சிரமமான வழியை ஏன் போட்டார்கள் என்ற கேள்வி நடக்கும்போது தானாகவே எழும். ஜோஹன் ரைன்ஹார்ட் போன்ற ஆய்வாளர்கள் இதை யாத்திரைப் பாதையாகப் பார்க்கிறார்கள். பனிமலைகள் இன்காக்களுக்குத் தெய்வங்கள். கணவாய் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பனிச்சிகரம் எதிரே வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கும் அது சரி என்றே பட்டது.

நான்காம் நாள் விடியும் முன்பே எழுப்பிவிடுகிறார்கள். சோதனைச் சாவடி திறந்ததும் எல்லோரும் இன்டி புங்கு என்ற சூரிய வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். அங்கிருந்து சூரிய உதயத்தில் மச்சு பிச்சு தெரியும் என்று விளம்பரங்கள் சொல்லும். எங்களுக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை மூட்டம். அது விலக ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த ஒரு காட்சிக்காகப் பணம் கட்டாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அனுமதிச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பயணிகள் ஏறக்குறைய 200 பேர். மே முதல் ஆகஸ்டு வரையான மாதங்களுக்குச் சீட்டு பல மாதங்கள் முன்பே தீர்ந்துவிடும். தனியாகப் போக முடியாது, உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். சீட்டில் உங்கள் பாஸ்போர்ட் எண் இருக்கும். பெயர் மாற்றித் தரமாட்டார்கள். பிப்ரவரி மாதம் முழுவதும் பாதையை மூடிவிடுகிறார்கள். கைத்தடி வாங்கினால் நுனியில் ரப்பர் குமிழ் கட்டாயம், இரும்பு முனை கல்லைச் சிதைக்கும். தடியில்லாமல் போக நினைக்காதீர்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் முழங்காலையே வாங்கிவிடும்.

நான்கு நாள் முடியாது என்றால், சீட்டு கிடைக்கவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. அதே ரயிலில் ஏறி 104ஆம் கிலோமீட்டரில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரே பகலில் வினாய் வைனா, சூரிய வாசல் இரண்டையும் பார்த்துக்கொண்டு மச்சு பிச்சுவுக்குள் நடந்துவிடலாம். அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், ஆனால் 4,000 மீட்டர் கணவாய் கிடையாது. குழந்தைகளோடு, பெற்றோரோடு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். சல்கன்டாய் வழி என்று இன்னொன்றைச் சொல்வார்கள். பனிமலை அழகு அள்ளும், ஆனால் வழியில் இன்காக்களின் ஊர்கள் இப்படி அடுத்தடுத்து வராது. கூட்டமே ஆகாது என்பவர்களுக்குச் சோக்கேகிராவ் என்ற இன்னொரு இன்கா நகரம் இருக்கிறது. அபுரிமாக் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். அடுக்கு வயல் சுவர்களில் வெள்ளைக் கல்லால் லாமா உருவங்கள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். அந்த நடைக்குத் தனி மனவுறுதி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பெருவில் கோக்கா தேநீர் எல்லா விடுதிகளிலும் தருவார்கள், கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். அங்கேயே குடித்துத் தீர்த்துவிடுங்கள். நண்பர்களுக்குத் தரலாம் என்று ஒரு பொட்டலத்தைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியச் சட்டத்தில் கோக்கா இலை போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது.