நண்பர் சுட்டால் ஸ்லைடு நிற்கிறது, நான் சுட்டால் மூடிக்கொள்கிறது

கடைசித் தோட்டா தீர்ந்ததும் பிஸ்டலின் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) உங்கள் கையில் மட்டும் திறந்து நிற்காமல் மூடிக்கொள்கிறது என்றால், உங்கள் கட்டைவிரல்தான் காரணமாக இருக்க வேண்டும், துப்பாக்கி அல்ல. அதே பிஸ்டல், அதே மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி), அதே தோட்டா. நண்பர் சுடும்போது கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஸ்லைடு திறந்தே நிற்கிறது என்கிறீர்களே, மாறுவது பிடி மட்டும்தான்.

மேகசின் காலியானதும், அதற்குள் தோட்டாக்களைத் தாங்கும் உள்தட்டு, ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோலை மேலே தள்ளும். இரு கட்டைவிரல்களையும் முன்னோக்கி நீட்டிப் பிடித்தால், ஒன்று அந்த நெம்புகோல் மேலேயே படுத்துவிடும். லேசான அழுத்தம் போதும், அது எழும்பாது. சுடும்போது உங்களுக்கு அது தெரியவும் தெரியாது.

மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டு, கட்டைவிரலை நெம்புகோலிலிருந்து நன்றாக விலக்கிச் சுடுங்கள். இப்படி ஐந்து முறை செய்யுங்கள். ஐந்து முறையும் நின்றால் விஷயம் முடிந்தது. விரலைச் சற்றுக் கீழே இறக்கிப் பழகுங்கள். ஆனால் ஸ்லைடுக்குப் பின்னால் மட்டும் விரல் போகவே கூடாது, கிழித்துவிடும்.

அப்படியும் நிற்கவில்லையா? மணிக்கட்டு தளர்ந்து ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் இருக்கலாம். அப்புறம் வேறு மேகசினையும் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: காலி மேகசினோடு கையால் இழுத்தால் ஸ்லைடு நிற்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அந்தச் சோதனையில் உங்கள் சுடும் பிடியே இல்லை.