கிளினிக் கொப்பியை விட்டுவிட்டு வராதீர்கள்

இடது காது கேட்காது, செப்டெம்பரில் கனடாவில், ஒன்ராறியோவில் படிக்கப் போகிறேன், ஹட்டனிலிருந்து என்ன கடிதம் கொண்டு வர வேண்டும், சொன்னால் ஒதுக்கிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள், தங்கச்சி.

எனக்கும் அதே காதுதான். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் சிறு வயதில் சீழ் வடிந்தபோது பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றினார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. இங்கே வந்த முதல் வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் எனக்கு அவர் முதுகுதான் பாடம் நடத்தும்.

பிறகு டாக்டர் கடிதத்தோடு இயலாமையுள்ள மாணவர்களுக்கான பிரிவுக்குப் போனேன். “சிறு வயது முதல் இடது காது செவிடு” என்று ஒரே வரி. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் எனக்கு என்ன முடியவில்லை என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது: பெரிய மண்டபத்தில் பேச்சு பிரிந்து கேட்கிறதா, கேட்டபடியே குறிப்பெழுத முடிகிறதா, இது நிரந்தரமா. பெரும்பாலும் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கும். இலங்கை டாக்டரின் கையெழுத்தை ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டு, அங்கேயே காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் நிரப்பி வாங்குங்கள். புதிய ஓடியோகிராமும் (எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம்) எடுத்துவிடுங்கள்.

அதற்காகப் பழையதை எறிந்துவிடாதீர்கள். என் கிளினிக் கொப்பியை, டாக்டர்மார் ஒவ்வொரு முறையும் எழுதித் தந்த அந்தக் குறிப்பேட்டை, அம்மா பிஸ்கட் டின்னில் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தார். அடுப்புப் புகையில் அட்டை பழுப்பேறி, முத்திரை பாதி அழிந்திருந்தது; திகதிகள் மட்டும் தெளிவாக இருந்தன. எத்தனை வருடப் பிரச்சினை என்பதை அந்தத் திகதிகள்தான் காட்டின. டாக்டர்மார் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம். அதிபரின் கடிதம் தமிழில் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் பெற்றிருந்தால் அந்தக் கடிதமும் வேண்டும்.

ஒதுக்க மாட்டார்கள். அனுமதி வழங்கும் பிரிவு வேறு, இயலாமைப் பிரிவு வேறு. அந்தப் பிரிவிலிருந்து விரிவுரையாளருக்குப் போகும் கடிதத்தில் உங்களுக்கு என்ன வசதி செய்து தர வேண்டும் என்பது மட்டும் இருக்கும். காதைப் பற்றி ஒரு சொல் இராது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி இந்த வசதியைச் செய்து தருவது பல்கலைக்கழகத்தின் கடமை, வெளிநாட்டு மாணவருக்கும்தான். தயவு கேட்கிறோம் என்று கூசாதீர்கள். (அரசாங்க உதவித்தொகை மட்டும் நமக்குக் கிடையாது.)

ஓகஸ்டிலேயே அந்தப் பிரிவில் பதிந்துவிடுங்கள். பத்திரம் தாமதமானால் தற்காலிக வசதி கேட்கலாம். படிவம் கைக்கு வந்ததும் எழுதுங்கள், டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாகச் சொல்கிறேன்.