கல்லாவில் விழுந்த ஓரம் வெட்டிய ஐந்து ரூபாய்

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கல்லாவில் பழைய, கனத்த 5 ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. ஓரத்தில் சின்னதாய்ப் பிறை போல ஒரு வெட்டு. 'மின்ட்டிலேயே (நாணயச் சாலையிலேயே) தவறிய எரர் காயின், 60,000 தேறும், பதிவுக்கு 1,500 போடுங்கள்' என்கிறார் வாட்ஸாப்பில் ஒருவர். நம்பலாமா?"

முதலில் அந்த 1,500-ஐப் போடாதீர்கள். பொருளை வாங்குகிறவன் காசு கொடுப்பான், கேட்க மாட்டான்.

சரி, நாணயத்துக்கு வருவோம். பூரி மாவை விரித்து டப்பா மூடியால் வெட்டும்போது, முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் மூடி ஏறினால் ஒரு பக்கம் கடித்தது போல வருமே, மின்ட்டிலும் அப்படித்தான். தகட்டில் நாணயத்துக்கான வில்லை வெட்டும்போதே குறை விழுந்துவிடும். விளிம்பு எழுப்புவதும் முத்திரை குத்துவதும் அதற்குப் பிறகு. விளிம்பு எழுப்ப இரு பக்கமும் நெருக்கும்போது வெட்டில் பிடி கிடைக்காது; அதனால் வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் எதிர்விளிம்பு முழுசாக நிற்கிறது.

இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் வெட்டு சிறிதாக இருந்தால், நிஜ எரரிலும் எதிர்விளிம்பு ஒழுங்காக இருப்பதுண்டு. உங்களுடையது சின்ன வெட்டு. அப்போது எழுத்தைப் பார்க்க வேண்டும். முத்திரை விழும்போது உலோகம் காலி இடத்தை நோக்கி ஓடும். அதனால் நிஜ எரரில் வெட்டை ஒட்டிய எழுத்து அந்தப் பக்கம் இழுபட்டு, பரந்து, மங்கியிருக்கும். மின்ட்டை விட்டு வந்த பிறகு வெட்டியதில் எழுத்து கூர்மையாக வந்து சட்டென்று அறுந்து நிற்கும். உங்கள் நாணயத்தில் 'இந்தியா' என்ற ஆங்கிலச் சொல்லின் ஓர் எழுத்து அப்படித்தான் பாதியில் நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் வெட்டின் மேல் அரம் ராவிய கோடுகள்கூடத் தெரிகின்றன. யாரோ பட்டறையில் செய்த வேலை.

இருக்க வேண்டிய எடை 9 கிராம் வரவில்லை, அதுவே ஆதாரம் என்றாராம் அந்த வாட்ஸாப்காரர். ராவினாலும்தான் எடை குறையும்! ஆண்டுக்குக் கீழே எந்த மின்ட் என்று காட்டும் குறி இல்லாததும் தவறாம். மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி; கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. லட்சக்கணக்கில் புழங்கும் சாதாரண நாணயம் அது.

பழைய நாணய வியாபாரத்தில் நாங்கள் இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. விட்டதோடு கடமை தீர்ந்தது போலும்; அவர்கள் முத்திரை போட்ட போலிக் கடிதம் இன்றும் சுத்தத் தமிழில் வருகிறது. புகார் கொடுக்கப் போனால் "ஆயிரத்து ஐந்நூறு தானே" என்பார்கள். இதற்குள் பணம் அனுப்பியிருந்தால் அதையெல்லாம் பார்க்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், அந்த நாணயத்தை மறுபடி கல்லாவில் போடாதீர்கள். வெட்டிச் சிதைத்த நாணயம் 2011 நாணயச் சட்டப்படி செல்லாது. அந்த 5 ரூபாய் உங்களுக்கு நஷ்டம்தான்.