லாஃப்ராய்க்கைக் கடைசியில் வையுங்கள்
ஸ்காட்ச் விஸ்கிகளை ருசி பார்த்ததில், லாஃப்ராய்க் 10 குடித்த பிறகு கிளென்ஃபிடிக் 12, மெக்காலன் 12 ஷெரி ஓக் இரண்டும் சப்பென்று இருந்தன என்கிறீர்கள். வரிசைதான் தப்பு. லாஃப்ராய்க் ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு. முளைகட்டிய பார்லியைப் பீட் (சதுப்புநிலக் கரிமண்) புகையில் உலர்த்துவதால் ஏறும் ஃபீனால் வாசனை, அதாவது புகையும் மருந்தும் கலந்த நெடி, மூக்கையும் நாக்கையும் லேசில் விடாது. கிளென்ஃபிடிக்கில் தொடங்குங்கள், பேரிக்காய் மணம் தெரியும். அப்புறம் மெக்காலன்: ஷெரி ஒயின் பீப்பாய் தரும் உலர்திராட்சையும் மசாலாவும். புகை கடைசியில்.

ஐஸ் வேண்டவே வேண்டாம், குளிரில் மணம் அடங்கிவிடும். வாய் குறுகிய துலிப் கிளாஸில் 15 மில்லி போதும். முதலில் அப்படியே முகர்ந்து பாருங்கள், பிறகு சில சொட்டுத் தண்ணீர். விஸ்கி கலவை வல்லுநர்களே ஆல்கஹால் 20 சதவீதமாகக் குறையும் வரை நீர்க்கவைத்துத்தான் முகர்கிறார்கள், கூச்சப்படாதீர்கள். நடுவில் தண்ணீரும் வெறும் பிஸ்கட்டும் மட்டும். மசாலாக் கடலை இன்னொரு நாளைக்கு.