இறந்த பறவையை அறுக்குமுன் எக்ஸ்ரே எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் உயிரியல் பூங்காவில், மாலைவரை நன்றாக இரை எடுத்த பஞ்சவர்ணக்கிளி ஒன்று காலையில் இறந்து கிடந்தது. அறுக்காமலே எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் மூலம் காரணத்தை அறிய முடியுமா? அதுவரை உடலை உறைய வைக்கலாமா?

பதில்: உறைய வைக்காதீர்கள். பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிட்டால், பிறகு நுண்ணோக்கியில் பார்க்கத் திசு உருப்படியாக இருக்காது. இறகுகள் சூட்டைப் பிடித்து வைப்பதால், சோப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் அவற்றை நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து, 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். பறவைக் காய்ச்சல், கிளிக் காய்ச்சல் ஆகியவை மனிதருக்கும் தொற்றும் என்பதால், படம் எடுக்கும்போதும் உறையைப் பிரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் எக்ஸ்ரே கதிரைத் தடுக்காது.

கத்தி பட்டதும் காற்றுப்பைகள் சுருங்கி, உள்ளுறுப்புகள் இடம் மாறிவிடும். ஆகவே படம் முதலில், அறுவை பிறகு. மல்லாத்தி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே போதும். எலும்பு முறிவு, முட்டைத் தேக்கம், விழுங்கிய உலோகம் ஆகியவை அதிலேயே தெரியும். கிளிகள் துத்தநாகம் பூசிய வலைக்கம்பியைக் கொறிப்பவை என்பதால், அரைவைப்பையை நான் முதலில் பார்ப்பேன். அங்குள்ள சிறு கற்கள் மங்கலான சாம்பல் நிறத்திலும், உலோகத் துணுக்குகள் கூரிய விளிம்போடு பளீரென்ற வெண்மையாகவும் தெரியும். ஆனால் அது ஈயமா துத்தநாகமா என்று படம் சொல்லாது. கல்லீரல், கணையம், சிறுநீரகத் துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அறிய வேண்டும். உலோகம் கரைந்தோ வெளியேறியோ போயிருக்கலாம் என்பதால், படத்தில் எதுவும் தெரியாததை வைத்து நஞ்சு இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

திடீர் மரணத்தில் என் அடுத்த சந்தேகம் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் பூஞ்சைக் கட்டி அடைத்தாலே கிளி மூச்சுத் திணறி இறந்துவிடும்; எக்ஸ்ரேயில் தப்பிவிடும் இதை மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. காட்டிக்கொடுக்கும். இறந்தபின் இரத்தம் கீழ்ப்பக்க நுரையீரலில் தேங்கி நிமோனியா போலத் தோன்றக்கூடும் என்பதால், பறவை எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

வைரஸ் தொற்றை எந்தப் படமும் அடையாளம் காட்டாது. படம் அறுக்க வேண்டிய இடத்தைக் காட்டுமே தவிர, அறுவைக்கு மாற்றாகாது.

உலோகம் தெரிந்தால், ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல் அதே கூண்டின் மற்றக் கிளிகளுக்கு அன்றே எக்ஸ்ரே எடுங்கள். அவை இன்னும் அந்தக் கம்பியைத்தான் கொறித்துக்கொண்டிருக்கின்றன.