இலை செழித்தும் பூக்காத ஹெல்லிபோர்: குறை நிழலிலா?

கேள்வி: தோட்டத்தின் ஒரு பக்கம் பெரிய மரங்களின் நிழல் எப்போதும் விழுகிறது. மூன்று வருடங்களுக்கு முன் அங்கே குளிர்காலத்தில் பூக்கும் ஹெல்லிபோர் நான்கு செடி வைத்தேன். இரண்டு வெள்ளை, இரண்டு கருஞ்சிவப்பு. வருடந்தோறும் இலையுதிர் காலத்தில் ஆட்டெருவைத் தூரைச் சுற்றிக் குவித்து மூடிவிடுகிறேன். இலை பிரமாதமாக வருகிறது. ஆனால் பூ? கருஞ்சிவப்பில் ஒன்று நாலைந்து விட்டதோடு சரி. இலைகளில் கரும்புள்ளி வேறு. போன குளிரில் ஒரு நாள் காலை செடி மொத்தமும் தரையோடு படுத்துக் கிடந்தது. நிழல் அதிகம் என்று வெயிலுக்கு மாற்றிவிடலாமா? கழிக்கும் இலையை ஆடுகளுக்குப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரம். ஆடுகளுக்குப் போடவே போடாதீர்கள். ஹெல்லிபோரில் வேர், இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள் அதில் இருக்கிறது. இலை காய்ந்துவிட்டாலும் அந்த நஞ்சு போய்விடாது. மானும் முயலும் இந்தச் செடியை அநேகமாகத் தொடாததும் இதனால்தான். ஆனால் பட்டியில் அடைபட்டுப் பசியோடு இருக்கும் ஆடு, முன்னால் வந்து விழுந்ததை மேய்ந்து பார்க்கும். கழித்த இலை பட்டிப் பக்கமே போகக் கூடாது. தப்பித் தவறித் தின்றுவிட்டால், வாயில் நுரை தள்ளுகிறதா, கழிகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, என்ன செடி என்பதைப் பெயரோடு சொல்லுங்கள். சாறு பட்டால் உங்கள் தோலும் எரியும். கத்தரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி பூவுக்கு வருவோம். இடத்தை மாற்ற வேண்டாம். நிழலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் அந்த ஆட்டெருக் குவியலைத்தான் நான் விசாரிப்பேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டதும் அதுதான்.

இந்தச் செடியின் தூர்த்தலை, அதாவது மொட்டும் புது இலையும் கிளம்பும் இடம், மண் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அது புதைந்து போனால் செடி சாகாமல் இருக்கலாம், இலையும் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பூ மட்டும் குறைந்துவிடும். ஈரம் தங்கினால் தலை அழுகவும் செய்யும். நடும்போது நீங்கள் சரியாகவே நட்டிருக்கலாம். அதற்கு அப்புறம் மூன்று வருடத்து எரு, அதன் மேல் மரம் உதிர்த்த இலை எல்லாம் மட்கி மட்கித் தரை உயர்ந்திருக்கும். பழைய இலைக்காம்பு ஒன்றைப் பிடித்து, அது எங்கே முடிகிறது என்று விரலால் தோண்டிப் பாருங்கள். இரண்டு விரற்கடைக்குக் கீழே தலை தட்டுப்பட்டால் விஷயம் புரிந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் குளிருக்குப் பாதுகாப்பு என்று நினைத்து, ஒரு வெள்ளைச் செடியை இப்படித்தான் மூடி மூடி வைத்திருந்தேன். அது நான்கு வருடம் வெறும் கீரைப் பாத்தி மாதிரி நின்றது. மேல் மண்ணை விலக்கிய பிறகுதான் மொட்டைப் பார்த்தேன்.

ஆகவே செடியைப் பிடுங்காமல், தலை வெளியே தெரியும் வரை எருவையும் மட்கையும் கையாலேயே ஒதுக்குங்கள். இனிமேல் மூடாக்கு போடுவதென்றால் தலையை விட்டு ஒரு சாண் தள்ளி வளையமாகப் போடுங்கள். அதற்கு இலைமட்கு போதும். ஆட்டெருவில் தழைச்சத்து அதிகம். வருடா வருடம் கொட்டினால் செடியின் தெம்பெல்லாம் இலைக்கே போய்விடும். நன்றாக மட்கிய உரம் கொஞ்சம், பூ முடிகிற வசந்தத் தொடக்கத்தில் ஒரு தரம் கொடுத்தால் தாராளம்.

அதற்காக நிழலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. எந்த மரத்து நிழல் என்று நீங்கள் எழுதவில்லை. குளிரில் இலை உதிர்க்கும் மரமென்றால் அதைவிடப் பொருத்தமான இடம் ஹெல்லிபோருக்குக் கிடையாது. கோடையில் குளிர்ச்சியான நிழல். மொட்டு வரும் காலத்தில் கிளைகள் மொட்டையாகி, செடிக்கு வேண்டிய வெளிச்சம் கீழே இறங்கும். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் காட்டோரங்களிலும் புதர்களின் இடையிலும் இது வாழும் வாழ்க்கை அதுதான். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் அடர்ந்த மரமென்றால் கதை வேறு. அந்த இருட்டில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் பூவில் கஞ்சத்தனம் காட்டும். அப்போதும் செடியை மாற்றும் முன், மரத்தின் தாழ்ந்த கிளைகள் இரண்டு மூன்றைக் கழித்துப் பாருங்கள்.

பெரிய மரத்தடியில் இன்னொரு சங்கடமும் உண்டு. மரத்தின் வேர் தண்ணீரைக் குடித்துவிடும். ஹெல்லிபோர் கோடையில் தூங்குவது போல இருப்பதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் அடுத்த குளிருக்கான மொட்டு கோடையின் கடைசியில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தால் பூ குறையும். மழை இல்லாத வாரங்களில் ஒரு முறை ஆழமாக நனையும்படி விடுங்கள். தினமும் மேலே தெளிப்பதால் பயனில்லை. தண்ணீர் தேங்குவதும் கூடாது, தேங்கினால் வேர் அழுகும்.

வெள்ளை என்று நீங்கள் சொல்வது, குளிர்காலத்தின் நடுவில் பூப்பதால் கிறிஸ்துமஸ் ரோஜா என்று அழைக்கப்படும் ஹெல்லிபோரஸ் நைகர் ஆகத்தான் இருக்கும். பூ வெள்ளை, பெயரோ கறுப்பு; அதன் வேர் கறுப்பு நிறம் என்பதால் வந்த பெயர். ரோஜாவுக்கும் இதற்கும் உறவு எதுவும் கிடையாது. நாலில் அதிகம் முரண்டு பிடிப்பது இதுதான். சுண்ணாம்புச் சத்துள்ள, வடிகால் நன்றாக இருக்கிற மண் இதற்குப் பிடிக்கும். வேரைக் கலைத்தால் நெடுநாள் கோபித்துக்கொண்டு நிற்கும். மாற்ற வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டு செடிகள்தான். கருஞ்சிவப்பு இரண்டும் கலப்பினங்களாக இருக்கும். அவை கொஞ்சம் தாமதமாக, குளிர் முடியும் தறுவாயில் பூக்கும். பலவகை மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். தூர் பருத்த பிறகு இலையுதிர் காலத் தொடக்கத்தில் பிரித்து நடலாம். இப்போது வேண்டாம்.

கரும்புள்ளி ஒரு பூசண நோய். பழைய இலையில் தங்கி, ஈரமான குளிரில் மொட்டுக்கும் பூவுக்கும் தாவும். இதற்கு மருந்தைவிடக் கத்தரியை நம்புங்கள். குளிர்காலத் தொடக்கத்தில், மொட்டு தலைகாட்டும் முன், போன வருடத்து இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். செடி மொட்டையாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். பூவோடும் பூவுக்குப் பின்னும் புது இலை வந்துவிடும், பூவும் மறைவில்லாமல் தெரியும். புள்ளி விழுந்த இலையை எருக்குழியில் போடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: பச்சை மணிகள் போலப் பூக்கும், தண்டோடு உயர்ந்து நிற்கும் வகையைப் பின்னாளில் வாங்கினால் அதற்கு இந்த வெட்டு பொருந்தாது. அதில் இலை நிற்கும் தண்டின் நுனியில்தான் பூ வரும். பூத்து முடிந்த தண்டை மட்டும் அடியில் வெட்ட வேண்டும்.

புள்ளிக்குப் பதிலாக நரம்போடு ஓடும் கறுப்புக் கோடுகளும், சுருண்டு குட்டையான புது இலைகளும் தெரிந்தால் அது வைரஸ். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அதைப் பரப்புவதாகக் கருதுகிறார்கள். அதற்கு வைத்தியம் கிடையாது. செடியை வேரோடு எடுத்து அழித்துவிட வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது இல்லை என்றே படுகிறது, ஆனாலும் ஒரு முறை உற்றுப் பாருங்கள்.

தரையோடு படுத்தது நோயே இல்லை. கடும் உறைபனியில் காம்பு துவண்டு, வெந்த கீரை போலக் கிடக்கும். வெயில் ஏறிப் பனி உருகியதும் எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் நிமிர்த்திக் கட்டப் போனால் காம்பு ஒடிந்துவிடும். பூ எப்போதும் தலை குனிந்தே இருப்பதும் குறை அல்ல. மழையும் பனியும் உள்ளே இறங்காமல் மகரந்தத்தைக் காக்க அது பிடிக்கும் குடை அது. நாம் இதழ் என்று ரசிப்பது உண்மையில் புல்லி இதழ்கள், அதாவது மொட்டை மூடிக் காக்கும் வெளி அடுக்கு. உள்ளே வளையமாக இருக்கும் சிறு குழல்கள்தான் தேன்சுரப்பிகளாக மாறிய அசல் இதழ்கள். அவை உதிர்ந்த பிறகும் புல்லி மாதக்கணக்கில் நிற்பதால்தான், பூத்த ஒரு செடியே உங்களுக்கு அத்தனை நாள் கண்காட்சி காட்டியிருக்கும்.

அந்தச் செடியில் கோடைத் தொடக்கத்தில் காய் வெடிக்கும்போது விதையைச் சேகரித்து உடனே விதைத்துவிடுங்கள். காயவைத்து எடுத்து வைத்தால் முளைப்பு வெகுவாகத் தாமதமாகும். முதலில் வெப்பம், பிறகு குளிர் என்று இரண்டையும் பார்த்த பிறகுதான் முளைவிடும். பூக்க மேலும் இரண்டு மூன்று வருடம் ஆகும். கலப்பினம் என்பதால் தாயின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது. நீங்கள் மறந்துவிட்டாலும் விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புக்காக எறும்புகள் சிலவற்றை இழுத்துப் போகும். எங்காவது தள்ளிப் புதிதாகக் கன்று முளைத்திருந்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். பட்டி வேலியோரம் முளைத்தது மட்டும் விதிவிலக்கு. அதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.