நாள்பட்ட வயிற்றுக் கோளாறுக்கு நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா?

நான்கு வருடமாக உப்புசம், நெஞ்செரிச்சல், இப்போது ஆறு கிலோ எடையும் குறைந்திருக்கிறது, வீட்டில் சித்த வைத்தியம் பார்க்கச் சொல்கிறார்கள், நண்பர்கள் ஆஸ்பத்திரி என்கிறார்கள், எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் போய் வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குக் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். ரப்பர் பால் வெட்டுதான் தொழில். விடியும் முன்பே எழுந்து வெறும் வயிற்றில் ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால், திரும்பி வந்து கஞ்சி குடிக்கப் பத்து மணி ஆகிவிடும். குனிந்து நிமிர்ந்து இடுப்பு வலி வேறு. அதற்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியபோது பக்கத்து ஊர் கிளினிக்கில் கேஸ் மாத்திரை எழுதித் தந்தார்கள். தின்றால் அடங்கும், நிறுத்தினால் வந்துவிடும். மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஒருவரும் ஒரு டெஸ்ட் எடுக்கவில்லை. வலி மாத்திரை தின்கிறாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெறுத்துப்போய் அம்மா சொன்ன வைத்தியரிடம் போனேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நாடி பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், மலம் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பாகப் போகிறது, சோர்வுக்கு இரும்புச் சத்து மாத்திரை தின்கிறேன், அதனால் இருக்கும் என்றேன். “மாத்திரை திங்கதுக்கு முன்னாடியே கறுத்துதா?” என்றார். யோசித்தால், ஆமாம், முன்பிருந்தே அப்படித்தான். “மக்ளே, நான் கஷாயம் தந்தா எரிச்சல் அடங்கும். ஆனா உள்ள ரத்தம் கசியுதுன்னு நெனைக்கேன். மொதல்ல குழாய் விட்டுப் பாத்துட்டு வா, பொறவு மருந்து தாரேன்” என்றார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கண் கலங்கிவிடும்.

எண்டோஸ்கோபி பத்து நிமிட வேலை. சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், அதிலிருந்து மெல்ல ரத்தக் கசிவு. சதைத் துணுக்கில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது. ஒரு பக்கம் இந்தக் கிருமி, இன்னொரு பக்கம் வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரை. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு 14 நாள் ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. நாக்கெல்லாம் கசந்தது, பாதியில் நிறுத்தாமல் முடித்தேன். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

புண் ஆறியது. ஆனால் உப்புசமும், காலையில் மூன்று நான்கு முறை ஓடுவதும் நிற்கவில்லை. மறுபடி சோதித்துவிட்டு, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, ஐபிஎஸ் (IBS) என்றார்கள், அதாவது குடல் பார்க்க நன்றாக இருந்தும் சரியாக வேலை செய்யாத கோளாறு. அப்போதுதான் வைத்தியரிடம் திரும்பப் போனேன். பஞ்சதீபாக்கினி சூரணம் தந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம், அவ்வளவுதான். ராத்திரி கஞ்சிக்குப் பயறு வேண்டாம், மோர் குடி, தோட்டத்துக்குப் போகும்முன் இரண்டு மட்டிப்பழமாவது தின்றுவிட்டுப் போ என்றார். மூன்று மாதத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. சூரணத்தாலா, நேரத்துக்குச் சாப்பிட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், எந்த மருந்து என்பது இரண்டாவது கேள்வி. என்ன நோய் என்பதுதான் முதல் கேள்வி. சித்த மருத்துவத்திலேயே குன்மம் என்கிற வயிற்று நோயை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கேயும் வகை தெரியாமல் மருந்து கிடையாது. புண், கிருமி, ரத்தக் கசிவு, கட்டி என்றால் ஆஸ்பத்திரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதெல்லாம் இல்லை என்று தெரிந்தபின் மிஞ்சும் உப்புசம், மலச்சிக்கல் போன்றவற்றுக்குப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் தாராளமாகப் போகலாம். நம் மாவட்டத்தில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

லேபிள் இல்லாத பொட்டலப் பொடியை மட்டும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். சரியாகச் சுத்தி செய்யாத பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளால் ஈயமும் பாதரசமும் உடம்பில் சேரலாம். சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதும் உண்டு. பிரஷர் இருந்தால் அதிமதுரம் தினமும் சாப்பிடக் கூடாது. எதைச் சாப்பிட்டாலும் இரண்டு டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் என்னைப் பயமுறுத்துவது அந்த ஆறு கிலோதான். முயற்சி செய்யாமல் எடை குறைவது, கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம் போவது, விழுங்கும்போது அடைப்பது, நிற்காத வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் கஷாயத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வீட்டில் சண்டை போட வேண்டாம், டெஸ்ட் முடிந்ததும் வைத்தியரிடம் வருகிறேன் என்று சொல்லுங்கள். இந்த வாரமே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். வலி மாத்திரை ஏதாவது தின்றுகொண்டிருந்தால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.